முதல் செமி டிரக்: பார்த்தது, கடன் போட்டது, தவறவிட்டது

பின்னணி

இது 2024 மார்ச் மாதம் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரை ஒட்டித் தொடங்கியது. வாங்கியவருக்கு 38 வயது. சிடிஎல் ஏ (டிரெய்லர் இழுக்கும் கனரக வண்டி ஓட்டும்) உரிமம் எடுத்து ஆறு வருடமாக ஒரு கம்பெனிக்குச் சம்பளத்துக்கு செமி ஓட்டிக்கொண்டிருந்தார். விபத்து இல்லை, கிரெடிட் ஸ்கோர் 690. மனைவியும் வேலைக்குப் போகிறார். சேமிப்பு 34,000 டாலர். சொந்தமாக ஒரு டிராக்டர், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்பக்க வண்டி வாங்கி, அதை ஒரு கேரியரிடம் (சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திடம்) லீஸில் சேர்த்து ஓட்டவேண்டும் என்பது எண்ணம். டிரெய்லர் கேரியருடையது. சொந்த அத்தாரிட்டி, அதாவது தன் பெயரிலேயே சரக்கு ஏற்ற அரசு தரும் அனுமதி எடுக்கவில்லை, புதிதாக எடுப்பவர்களிடம் காப்பீட்டுக்காரர்கள் கேட்கும் தொகை அவருக்குத் தாங்காது.

எனக்கு இதில் என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. சொந்த டிரக் வைத்திருப்பவர்கள் சிலருக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். "அண்ணா, பேப்பரை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று கேட்டார். சரி என்றேன். பேப்பரை மட்டும் பார்த்ததுதான் என் முதல் தவறு.

அந்த நேரத்துச் சந்தையையும் சொல்லவேண்டும். 2021, 2022-இல் பழைய டிரக் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. 2024-க்குள் நன்றாக இறங்கிவிட்டது. "இப்போது வாங்காவிட்டால் எப்போது" என்று அவருக்குத் தோன்றியது இயல்புதான். ஆனால் விலை இறங்கிய அதே காரணத்தால், அதாவது சரக்குக் கட்டணம் சரிந்ததால், வண்டி சம்பாதிக்கும் தொகையும் இறங்கியிருந்தது. அதை நாங்கள் பேசினோம், ஆனால் போதுமான அளவு பேசவில்லை.

கேரியரே வண்டியைக் கொடுத்து வாரச் சம்பாத்தியத்தில் தவணையைப் பிடித்துக்கொள்ளும் லீஸ்-பர்ச்சேஸ் திட்டத்தை அவர் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார். வேலையும் வண்டியும் ஒரே கையில் இருந்தால் ஒன்று போகும்போது மற்றதும் போகும் என்றார். மத்திய அரசின் டிரக் லீஸ் ஆய்வுக் குழு 2025 ஜனவரியில் இத்தகைய திட்டங்களைத் தடை செய்யவேண்டும் என்றே பரிந்துரைத்தது. நாங்கள் பேசிய நேரத்தில் அது வந்திருக்கவில்லை. அவருடைய கணிப்பு சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வண்டி: ஓட்டுநர் பார்த்தது

டீலர் முற்றத்தில் 2018 மாடல் ஸ்லீப்பர் (கேபினில் படுக்கை உள்ளது). 13 லிட்டர் எஞ்சின், 12 வேக ஆட்டோமேட்டட் கியர், ஓடோமீட்டரில் 6,12,000 மைல். கேட்ட விலை 38,500 டாலர். கேபின் பளிச்சென்று இருந்தது. இருக்கைகள் புதிது.

அவர் தனியாகப் போய், சிடிஎல் தேர்வுக்குப் படித்த முறைப்படி வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக்கின் காற்றழுத்தம் 85-லிருந்து 100 பிஎஸ்ஐக்கு 45 விநாடிக்குள் ஏறியது. எஞ்சினை அணைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினார், 3 பிஎஸ்ஐக்குள்தான் இறங்கியது. முன் டயர்கள் நன்றாக இருந்தன. சட்டம் கேட்பது முன் டயருக்கு ஓர் அங்குலத்தில் 32-இல் 4 பங்கு, மற்றவற்றுக்கு 2 பங்கு ஆழம். எல்லாமே அதைத் தாண்டியிருந்தன. விளக்குகள், ஃபிஃப்த் வீல் (டிரெய்லரை மாட்டும் தட்டு), ஸ்டியரிங் எல்லாம் சரி. வருடாந்திர டிஓடி (மத்தியப் போக்குவரத்துத் துறை) சோதனை ஸ்டிக்கர் மூன்று வாரத்துக்கு முன் ஒட்டியது. ஆயிரம் டாலர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "டிஓடி பாஸ் அண்ணா, இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை."

டிஓடி சோதனை பார்ப்பது பிரேக், ஸ்டியரிங், டயர், சட்டகம், விளக்கு, ஃபிஃப்த் வீல் போன்றவற்றை. வண்டி ரோட்டில் யாரையும் கொல்லாமல் போகுமா என்பதுதான் அதன் கேள்வி. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா, டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இன்னும் எத்தனை மைல் தாங்கும் என்பதெல்லாம் அதில் வராது. ஓட்டுநராக அவர் செய்த சோதனையும் அதே வகைதான்: இந்த வண்டி இன்று சரக்கு ஏற்றிக் கிளம்பலாமா? வாங்குபவர் கேட்கவேண்டியது வேறு. கடன் தீரும்வரை, நான்கு வருடம், இது எங்கே படுக்கும்? ஆறு வருட அனுபவம் அவருக்கு முதல் கேள்வியில் கொடுத்த தைரியம் இரண்டாவதைக் கேட்கவிடாமல் செய்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அன்று அவர் எனக்கு அனுப்பிய 40 படங்களில் ஒன்று இப்போதும் என் போனில் இருக்கிறது. புகைக்குழாயின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்திருக்கிறார். விரல் நுனி அடுப்புக்கரி போலக் கறுப்பு. எதற்கு எடுத்தார் என்று கேட்டேன். யாரோ அப்படிப் பார்க்கச் சொன்னார்களாம். ஆனால் என்ன வந்தால் நல்லது, என்ன வந்தால் கெட்டது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கும் தெரியவில்லை. அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கடன் தாள்

டீலரே கடனும் ஏற்பாடு செய்தார். ஒரு பக்கத் தாள். முன்பணம் 20 சதவீதம், 7,700 டாலர். மாதம் 1,072 டாலர், 48 மாதம். வட்டி விகிதம் எங்கும் இல்லை.

இல்லாததற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குக் கார் வாங்கக் கடன் போட்டால், 1968-ஆம் வருடச் சட்டப்படி ஆண்டு வட்டி விகிதத்தைத் தாளில் எழுதியே ஆகவேண்டும். டிரக் வாங்குவது தொழில் கடன், அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தொழில் கடனுக்கும் தனியாக விதி வைத்திருக்கின்றன. எங்கள் கையில் இருந்த தாளில் அப்படி எதுவும் இல்லை.

எவ்வளவு கடன் என்று கேட்டு வாங்கினேன். 38,500-இல் 7,700 போக 30,800 மிச்சம். அதோடு 795 டாலர் ஆவணக் கட்டணம், 4,905 டாலர் நீட்டித்த வாரண்டி. ஆக 36,500. மாதம் 1,072 என்றால் 48 மாதத்தில் 51,456. வட்டி மட்டும் 14,956 டாலர். கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆண்டுக்கு 18 சதவீதம் வருகிறது. முன்பணத்தையும் சேர்த்தால் 38,500 டாலர் வண்டிக்கு அவர் கொடுப்பது 59,156.

முழு ஒப்பந்தத்தையும் கேட்டோம். இரண்டு நாள் கழித்து வந்தது. 14 பக்கத்தில் என் கண்ணை உறுத்தியவை மூன்று. ஒன்று, முன்கூட்டியே கடனை அடைத்தாலும் மீதித் தவணைகள் அத்தனையும் கட்டவேண்டும், வட்டியில் சல்லிக்காசு குறையாது. இரண்டாவது, அடமானம் டிரக் மட்டும் இல்லை, அவருடைய தொழிலின் எல்லாச் சொத்தும். வங்கிக் கணக்கும் வரவேண்டிய பணமும்கூட. அதற்கு மேல் சொந்த உத்தரவாதக் கையெழுத்து வேறு. மூன்றாவது வாரண்டி. புகை சுத்திகரிப்புப் பாகங்கள், அதாவது டிபிஎஃப்பும், டெஃப் (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவம்) சார்ந்தவையும் விலக்கு. எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் உண்டு, ஆனால் 3,000 டாலர் உச்சவரம்பு, அதில் முதல் 500 நம் கையிலிருந்து. இந்த ஈஜிஆர் கூலர் பிறகு மறுபடி வரும்.

இந்த இடத்தில் நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன். தாளைப் படித்தேன், வட்டியைக் கண்டுபிடித்தேன், "விகிதம் ஜாஸ்தி, வேறு இடத்தில் கேள்" என்றேன். வண்டி எப்படி இருக்கிறது என்பதை மெக்கானிக்கின் விஷயமாகவும் கடனை என் விஷயமாகவும் பிரித்துக்கொண்டேன். உண்மையில் அவை இரண்டு கணக்கு இல்லை. வண்டி படுக்கும் மாதத்திலும் தவணை வரும். அப்போது இரண்டும் ஒரே பையிலிருந்துதான் போகவேண்டும்.

மெக்கானிக் பார்த்தது

மார்ச் கடைசியில், என் வற்புறுத்தலால் இல்லை, கேரியரின் பாதுகாப்பு அலுவலர் சொன்னதால், வெளி மெக்கானிக் ஒருவரை 450 டாலருக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். முந்தைய நாளே டீலரிடம் மெக்கானிக் போனில் சொல்லியிருந்தார்: நாங்கள் வரும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள். காலை எட்டு மணிக்குப் போனால் எஞ்சின் பிளாக் கையை வைக்கமுடியாத சூடு. வண்டியை இடம் மாற்றினோம் என்றார்கள்.

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. எனக்கு அது நல்லதாகத் தெரிந்தது. எண்ணெயின் மாதிரியைப் பிடிக்கப் பையிலிருந்து எடுத்த பாட்டிலை அவர் மறுபடி பைக்குள் வைத்துவிட்டார். டீசல் எஞ்சினில் எண்ணெய் சில மணி நேரம் ஓடினாலே கறுத்துவிடும். இது இப்போதுதான் ஊற்றியது. இதை லேபுக்கு அனுப்பினால் லேப் சொல்வது புது எண்ணெயின் கதையைத்தான்.

அப்புறம் எஞ்சினின் கணினியான ஈசிஎம்மில் லேப்டாப்பைச் சொருகினார். எஞ்சின் மொத்தம் 18,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதில் 34 சதவீதம் நின்ற இடத்தில். ஓடோமீட்டருக்கு அது பொருந்தி வந்தது: மீதி 12,100 சொச்சம் மணி நேரத்தில் 6,12,000 மைல் என்றால் சராசரி 50 மைல் வேகம். ஆக மைல் பொய் இல்லை. ஆனால் ஓடோமீட்டரில் ஏறாமல் 6,000 மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் உழைத்திருக்கிறது. நின்ற இடத்தில் ஓடும்போது புகை போதுமான சூடேறாது, டிபிஎஃப்பில் கரி சேரும். பிழைக் குறியீடுகள் எதுவும் இல்லை. இருந்தால்தான் ஆச்சரியம், அவை அழிக்கப்பட்டபின் வண்டி ஓடியது 41 மைல்.

கீழே படுத்து சட்டகத்தைப் பார்த்தார். புதுக் கறுப்புப் பெயின்ட். போல்ட்டின் மரைகளிலும் பெயின்ட், பிரேக் காற்றுக் குழாய்களின் மேலும் தெறித்த பெயின்ட். ஒஹாயோவில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். சட்டகமும் குறுக்குச் சட்டமும் சேரும் இடுக்கில் துரு புகுந்தால் இரும்பு அடுக்கடுக்காக உப்பி இரண்டையும் பிளக்கும். பெயின்டுக்குக் கீழே அப்படி இருந்ததா என்று சொல்லமுடியவில்லை. சுத்தியலால் தட்டியதில் இரண்டு இடத்தில் செதில் உதிர்ந்தது.

விரல் படத்தை அப்போதுதான் அவரிடம் காட்டினேன். டிபிஎஃப் முழுசாக இருக்கும் வண்டியில் புகைக்குழாயின் உள்பக்கம் வெள்ளைக் காகிதத்தால் துடைத்தாலும் சுத்தமாக இருக்கவேண்டும் என்றார். கரி வருகிறதென்றால் வடிகட்டி வெடித்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்குவது மத்தியச் சட்டத்துக்கு விரோதம். வண்டியைச் சட்டப்படி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரும் செலவு கடைசியாக வாங்கியவர் தலையில்தான் விழும்.

கடைசியாக நின்ற இடத்தில் ரீஜென், அதாவது டிபிஎஃப்பில் சேர்ந்த கரியைச் சூட்டில் எரிக்கும் ஓட்டம், போட்டுப் பார்க்கலாம் என்றார். டீலரும் மறுக்கவில்லை. முக்கால் மணி நேரம் வரை ஓடவேண்டியது 12 நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது, டிபிஎஃப் அழுத்த வேறுபாட்டுக் குறியீட்டோடு.

டீலர் ஏமாற்றினார் என்று நான் எழுதவில்லை. விற்கும் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, பிழைகளைச் சரிசெய்து குறியீட்டை அழிப்பது எல்லாம் வழக்கமான வேலைதான். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் எல்லாம் முடிந்தபின் வண்டி தன்னைப் பற்றிச் சொல்ல மிச்சம் எதுவும் இல்லை. தெரியாத வண்டிக்கு 18 சதவீத வட்டி என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

வேண்டாம் என்ற முடிவு

டீலர் 2,500 டாலர் குறைக்கிறேன் என்றார். அன்று ராத்திரி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவருக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது.

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. சேமிப்பு 34,000. முன்பணம் 7,700. தொடக்கச் செலவு 10,200: நம்பர் பிளேட், காப்பீட்டின் முதல் தொகை, ஓட்டும் நேரத்தைப் பதியும் இஎல்டியும் கருவிகளும், இரண்டு மாத வீட்டுச் செலவு. மெக்கானிக்குக் கொடுத்ததும் போக 15,650 மிஞ்சும். டிபிஎஃப்பை மாற்றினாலும் தாங்கலாமே?

நான் கேட்டது, டிபிஎஃப் ஏன் போனது? அது நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. எஞ்சின் எண்ணெய் குடித்தாலும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் டர்போ கசிந்தாலும் முதலில் அடிபடுவது அதுதான். எஞ்சினைப் பிரித்துச் செய்யவேண்டி வந்தால் 25,000 டாலருக்குக் குறையாது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். 15,650 அதற்குப் பற்றாது. அந்த வேலை நடக்கும் மூன்று வாரமும் 1,072 நிற்காது. பழைய எண்ணெயின் மாதிரி கிடைத்திருந்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும். அது கிடைக்கவில்லை.

மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆயிரம் டாலர் அட்வான்ஸ் போனது. ரசீதில் "திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருந்தது, கையெழுத்தும் போட்டிருக்கிறார். "சோதனையில் திருப்தி இல்லாவிட்டால் திருப்பித் தரவேண்டும்" என்று ஒரு வரி பேனாவால் எழுதச் சொல்லியிருந்தால் போதும். எழுதமாட்டேன் என்று சொல்லும் டீலராக இருந்தால் அதுவே ஒரு தகவல்.

இரண்டாம் வண்டி

இந்த முறை கடனை முதலில் தேடினோம். அவர் சம்பளம் போடும் கிரெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி போன்றது), டிரக்கும் எடுப்போம் என்றது. 11 சதவீதம், 48 மாதம், முன்கூட்டி அடைத்தால் அடைத்த நாள்வரைதான் வட்டி. பதிலுக்கு அவர்கள் கேட்டவை: 25 சதவீத முன்பணம், இரண்டு வருட வரித் தாள்கள், கேரியரின் கடிதம், வெளி மெக்கானிக்கின் அறிக்கை, ஓடோமீட்டர் 6,00,000-க்குள். முடிய 16 நாள் ஆயிற்று. அவருக்கு அது எரிச்சல். எனக்கு அந்த நிபந்தனைகள் பிடித்திருந்தன. முதல் கடன்காரர் வண்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வண்டி கிடைத்தது சுமார் 20 டிரக் வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனத்திடம். 2019 மாடல், 4,98,000 மைல், கேட்டது 45,500. கழுவக்கூட இல்லை. முக்கியமானது, ஒரு தடித்த கோப்பு: எண்ணெய் மாற்றியது, இன்ஜெக்டர் மாற்றியது, டிபிஎஃப்பைக் கழற்றிச் சுட்டுச் சுத்தம் செய்தது என்று ஒவ்வொரு பில்லும் மைலோடு.

அதே மெக்கானிக். காலை 41 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் எஞ்சின் ஐஸாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது, அரை நிமிடம் மெல்லிய வெள்ளைப் புகை, பிறகு இல்லை. எண்ணெய் மூடியைத் திறந்து தலைகீழாக வாய் மேல் வைத்தார். மூடி லேசாக நடுங்கியதே தவிரத் துள்ளி விழவில்லை. ரிங் தேய்ந்த எஞ்சினாக இருந்தால் உள்ளிருந்து வரும் காற்று மூடியைத் தூக்கிப்போடும். புகைக்குழாயைத் துடைத்த காகிதம் வெள்ளையாகவே வந்தது. சட்டகத்தில் துரு இருந்தது, மேல்துரு. எண்ணெய் கறுப்பு. மாதிரி லேபுக்குப் போய் நான்கு நாளில் வந்தது: டீசல் கலப்பு இல்லை, கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) அடையாளமான சோடியமும் பொட்டாசியமும் இல்லை, இரும்பு அளவுக்குள். மெக்கானிக்குக்கும் லேபுக்கும் சேர்த்து 490 டாலர்.

பின் டயர்கள் எட்டும் 32-இல் 6 பங்குக்கு வந்திருந்தன. சட்டப்படி ஓடும், ஆனால் வருடம் தாண்டாது. எட்டு டயருக்கு 3,440 டாலர் என்று கடையில் எழுதி வாங்கிப் போய்க் காட்டினார். விலை 43,000-க்கு இறங்கியது.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் மெக்கானிக் கையால் எழுதியது: "கூலன்ட் குறைவு. ஊற்றச் சொல்லியாயிற்று." தொட்டியின் படமும் இருக்கிறது. குறைந்தபட்சக் கோட்டுக்குக் கட்டைவிரல் அகலம் கீழே நிற்கிறது. விற்றவர் அங்கேயே ஒரு கேலன் கொண்டுவந்து ஊற்றினார். எல்லாரும் தலையாட்டினோம்.

பணம் கைமாறியது

டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், விற்பவரின் வங்கிக்கு லியன் (கடன் பாக்கிக்கான பிடிமானம்) இருந்தது. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதம் வாங்கி, கிரெடிட் யூனியன் நேராக வங்கிக்கு அந்தத் தொகையையும் மிச்சத்தை விற்பவருக்கும் அனுப்பியது. டைட்டில் கைக்கு வர மூன்று வாரம்.

கடன் 32,250, மாதம் 834. மொத்த வட்டி 7,782. முன்பணத்தோடு சேர்த்தால் 50,782. நான்காயிரத்து ஐந்நூறு டாலர் அதிக விலையுள்ள வண்டி, முடிவில் எட்டாயிரத்துக்கு மேல் குறைவாக வருகிறது. வாரண்டி இதில் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

கையில் மிஞ்சியது 11,110. அதில் 9,000 தனிக் கணக்கில் போனது, அட்டை இல்லாத கணக்கு. மைலுக்கு 12 சென்ட் வீதம் வாராவாரம் அதில் சேர்ப்பது என்று பேசிக்கொண்டோம். மிச்சம் கைச்செலவுக்கு, ஏனென்றால் லீஸ் விதிப்படி ஓட்டுநர் தாள்களைக் கொடுத்து 15 நாளுக்குள் கேரியர் பணம் தந்தால் போதும். முதல் இரண்டு வாரம் வரும்படி இல்லை என்றே வைத்துக்கொள்ளவேண்டும்.

முதல் சரக்கு மே 13. 2290 படிவக் கனரக வாகன வரி ஜூலையிலிருந்து ஜூனுக்குக் கணக்கு. அதனால் மே, ஜூன் இரண்டு மாதத்துக்குச் சுமார் 92 டாலர்தான் வந்தது. ஜூலை பிறந்ததும் முழு 550 கேட்டார்கள். அவர் மறந்திருந்தார், நான் மறக்கவில்லை.

ஐந்தாம் மாதம்

கோடையில் வாரத்துக்கு 2,300 மைல் சராசரி. அவர் இரண்டு தடவை கூலன்ட் ஊற்றியிருக்கிறார். கீழே ஈரம் இல்லை, எண்ணெயில் கலப்பு இல்லை, அதனால் சொல்லத் தோன்றவில்லை.

செப்டம்பர் நடுவில், சார்லட்டிலிருந்து திரும்பும்போது, ஐ-77-இல் வர்ஜீனியாவின் ஃபேன்ஸி கேப் ஏற்றம். முழுச் சுமை. பாதி ஏற்றத்தில் வெப்பமுள் ஏறி, எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொண்டது. ஓரம் கட்டிவிட்டார், அது அவருடைய ஆறு வருட அனுபவம் செய்த நல்ல காரியம். இழுத்துச் சென்று பிரித்ததில் ஈஜிஆர் கூலருக்குள் விரிசல்.

இந்தக் கூலரில் கசிந்தால் கூலன்ட் கீழே சொட்டவேண்டும் என்பதில்லை, எண்ணெயிலும் கலக்கவேண்டும் என்பதில்லை. புகைப் பாதைக்குள் போய் ஆவியாகிவிடும். அதனால்தான் லேப் அறிக்கை சுத்தமாக வந்தது. லேப் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

பில்: இழுவை 1,150, கூலரும் கூலியும் 3,640, டிபிஎஃப் சுத்தம் 690, நாக்ஸ் சென்சாரும் கூலன்ட்டும் 900. மொத்தம் 6,380. 11 நாள் ஓட்டம் இல்லை. அப்போது தனிக் கணக்கில் ஒரு சர்வீஸும் சில்லறை வேலைகளும் போக 13,100 இருந்தது. பில் கட்டியபின் 6,700. தவணை ஒன்றும் தவறவில்லை. வீட்டில் அந்த மாதம் மனைவியின் சம்பளத்தில் ஓடியது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

முதல் டீலரின் வாரண்டி இருந்திருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதிகபட்சம் 2,500 கிடைத்திருக்கும். அதன் விலை 4,905, அதற்கு மேல் வட்டி.

2025 மே மாதத்தோடு ஒரு வருடம் முடிந்தது. வண்டி ஓடுகிறது. கம்பெனிச் சம்பளத்தைவிடக் கையில் நிற்பது கொஞ்சம்தான் அதிகம், அவர் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

இன்னொரு முறை என்றால்

கடன் விகிதத்தை முதலில் வாங்கிக்கொண்டுதான் முற்றத்துக்குப் போகவேண்டும். அட்வான்ஸ் ரசீதில், திருப்தி இல்லாவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்ற அந்த ஒரு வரி. இவை சுலபம்.

கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தச் சோதனை 150 டாலர் ஆகியிருக்கும். ராத்திரி முழுக்க அழுத்தத்தில் விட்டுக் காலையில் பார்த்திருந்தால் விரிசல் தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தெரிந்திருந்தாலும் இந்த வண்டியை வேண்டாம் என்றிருக்கமாட்டோம். 3,640 டாலரை விலையில் கேட்டிருப்போம், இழுவைக் கூலியும் 11 நாளும் மிஞ்சியிருக்கும். சுமை ஏற்றி ஓட்டிப் பார்க்கவும் ஆசைதான். ஆனால் இரண்டு இடத்திலும் வெறும் டிராக்டரோடு பத்து மைலுக்கு மேல் விடவில்லை, இதற்கு வழி எனக்கு இன்னும் தெரியவில்லை.

மெக்கானிக் தன் சோதனைத் தாளை மாற்றிவிட்டார், சமீபத்தில் இன்னொருவருக்காக அதைப் பார்த்தேன். எண்ணெய், கூலன்ட், டெஃப் என்று ஒவ்வொரு திரவத்துக்கும் "அளவு" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது: "குறைந்திருந்தால், எங்கே போனது?" அதை நிரப்பாமல் அவர் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை.